பெயரை மாற்றினால் போதுமா? நோயாளியின் கதையை எழுதிய மருத்துவ மாணவிக்கு ஒரு பதில்

கிழக்கு மாகாணத்தில் மருத்துவம் படிக்கும் ஒரு மாணவி எழுதிய கடிதம் இது. அவருடைய ஊர், எத்தனையாம் வருடம், எந்த வாட்டு (நோயாளர் விடுதி) என்பதை இங்கே சொல்லவில்லை. அவர் குறிப்பிட்ட நோயாளியின் வயதோ தொழிலோ இங்கே இருக்காது. ஆணா பெண்ணா என்பதும் நோயின் பெயரும்கூட இருக்காது. வெளியே சொல்லக் கூசும் ஒரு நோய், மாதக்கணக்கில் மருந்து எடுக்க வேண்டிய நோய் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். காசம், தொழுநோய், வலிப்பு, மனநோய் என்று எதை நினைத்து வாசித்தாலும் ஆலோசனை மாறாது.

கடிதத்தின் சுருக்கம் இதுதான். வாட்டுக்குப் போகத் தொடங்கிய வருடத்தில், ஒரு மரணத்தை முதன்முதலாகக் கண்முன்னே பார்த்த பிறகு, இந்த மாணவியும் நண்பர்கள் சிலரும் கிழமைக்கு ஒரு பின்னேரம் கூடத் தொடங்கியிருக்கிறார்கள். வாட்டில் கண்டதை ஆளாளுக்கு எழுதி வந்து வாசிப்பார்கள். ஒருவர் கவிதை கொண்டு வருவார், இன்னொருவர் படம் வரைந்து வருவார். தமிழ், முஸ்லிம், சிங்கள மாணவர்கள் எல்லாரும் அதில் இருந்தார்கள் என்று சந்தோஷத்தோடு எழுதியிருக்கிறார். அந்தக் காலத்தில் ஒரு நோயாளியோடு பல நாள் கதைத்து, அவருடைய வாழ்க்கையைச் சிறுகதையாக எழுதினார். பெயரை மாற்றினார். கட்டிலருகே நின்று "உங்கட கதையை எழுதட்டா?" என்றும் கேட்டிருந்தார். "எழுதுங்க பிள்ளை" என்று பதில் வந்தது. கதை முகநூலில் போனது, பலர் பகிர்ந்தார்கள், பாராட்டு குவிந்தது. சில நாளில் அதன் கீழே ஒருவர், "இது எங்கட ஊர் ஆள்தானே?" என்று எழுதினார். அடுத்த கிளினிக்குக்கு அந்த நோயாளி வரவில்லை.

விஷயம் பெரிய வைத்தியரின் காதுக்குப் போனது. "கதை எழுத விருப்பமென்றால் கலைப்பீடத்துக்குப் போயிருக்கலாமே" என்று ஏச்சு விழுந்தது. கூடி வாசிக்கும் அந்த வட்டத்தை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். நண்பர்களில் சிலர் இரகசியமாகத் தொடரலாம் என்கிறார்கள், சிலர் பரீட்சையை நினைத்துப் பயப்படுகிறார்கள். மாணவி கேட்கும் கேள்விகள் நான்கு. பெயரையும் மாற்றி அனுமதியும் கேட்டிருக்க நான் செய்தது என்ன பிழை? முகநூலில் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்கட்டுமா? மருத்துவத்துக்குள் கதைக்கு இடமே இல்லையா? கிராமங்களில் போட நினைத்திருந்த கூத்தைக் கைவிடத்தான் வேண்டுமா?

மகள், உங்கள் கடிதத்தில் அவசரமாக இருந்த பகுதிக்கு, அது கிடைத்த அன்றே தனியாகப் பதில் எழுதினேன். அந்த நோயாளி மருந்துக்குத் திரும்பிவிட்டார் என்று நீங்கள் அறிவித்து, இதை வெளியிடச் சம்மதமும் தந்த பிறகுதான் இந்த நீண்ட பதிலை எழுதுகிறேன். ஆனாலும் அன்றைக்கு எழுதியதை இங்கே திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. இதே நிலையில் இன்னொரு மாணவர் நாளை நிற்கலாம்.

முதலில் அந்த நோயாளி

பதிவை உடனே எடுத்துவிடுங்கள் என்று எழுதினேன். எடுத்தாலும் அது முழுதாக அழியாது, யாராவது படம் பிடித்து வைத்திருப்பார்கள். ஆனால் இன்னும் பத்துப் பேர் பார்ப்பதைத் தடுக்கலாம். அடுத்ததாக, முகநூலில் மன்னிப்புக் கேட்காதீர்கள் என்றேன். உங்கள் மனம் ஆறும் என்பது உண்மைதான். ஆனால் "நான் எழுதியது உண்மையான ஒரு நோயாளியைப் பற்றி, அவரைக் காயப்படுத்திவிட்டேன்" என்று நீங்கள் பகிரங்கமாகச் சொன்ன கணத்தில், அதுவரை சந்தேகமாக இருந்தது ஊருக்கு உறுதியாகிவிடும்.

வீடு தேடிப் போகலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். போகாதீர்கள் என்றேன். முன்பின் தெரியாத ஒரு படித்த பிள்ளை ஒழுங்கைக்குள் வந்து ஒரு வீட்டை விசாரித்தால், அடுத்த வளவுக்குத் தெரிய எவ்வளவு நேரம் எடுக்கும்? செய்ய வேண்டியிருந்தது ஒன்றுதான். வாட்டுக்குப் பொறுப்பான வைத்தியரிடம் நேரே போய் நடந்ததை ஒளிக்காமல் சொல்வது. சிகிச்சையை இடையில் விட்டவர்களைத் தேடிப் பிடிக்க ஆஸ்பத்திரிக்கும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கும் வழக்கமான வழிகள் இருக்கின்றன. அந்த வேலை பழகியவர்கள் அதை அமைதியாகச் செய்வார்கள். நாள்பட்ட மருந்தை நடுவில் நிறுத்துவது சின்ன விஷயம் இல்லை. காசநோயில் மருந்தை விட்டுவிட்டால் நோய் திரும்பும், கிருமி மருந்துக்கு அடங்காமலும் போகலாம். வலிப்புக்காரர் குளிசையைத் திடீரென்று விட்டால் ஆற்றிலோ அடுப்படியிலோ உயிருக்கே ஆபத்து. உங்களுடைய பெயர், வட்டம், எழுத்து எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்க வேண்டியது இதுதான்.

நீங்கள் போய்ச் சொன்னீர்கள். அது இலேசான காரியம் இல்லை. உங்களை ஏசிய அதே வைத்தியர்தான் அந்த நோயாளியைத் திரும்பக் கொண்டுவர ஏற்பாடு செய்தார் என்றும் எழுதியிருந்தீர்கள். அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கடிதத்தில், கதை எழுதுகிறவர்களுக்கு இரக்கம் இருக்கிறது, ஏசுகிறவர்களுக்கு இல்லை என்ற ஒரு பிரிப்பு ஓடுகிறது. அப்படி இல்லை. அவர் சொன்ன விதம் கடுமை. ஆனால் ஒரு நோயாளி காணாமல் போனார் என்பதுதான் அவருக்குக் கோபம்.

நேரில் மன்னிப்புக் கேட்பதா என்பதை அந்த நோயாளிதான் தீர்மானிக்க வேண்டும். வைத்தியர் மூலமாகக் கேட்டுப் பாருங்கள். அவர் விரும்பினால், அவர் சொல்லும் இடத்தில், சுருக்கமாக. விரும்பாவிட்டால் அதோடு விட்டுவிடுங்கள்.

பெயரை மாற்றினேனே என்கிறீர்கள்

கொழும்பு போன்ற நகரத்தில் பெயரை மாற்றினால் ஓரளவு மறைக்கலாம். நம்முடைய ஊர்களில் ஆளை அடையாளம் காண்பது பெயரால் மட்டுமா? எந்தக் கோயிலடி, என்ன தாய்வழிக் குடி, யாருடைய மருமகன், வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையா மேற்கே படுவான்கரையா, சுனாமிக்குப் பிறகு எந்த வீட்டுத்திட்டத்துக்குப் போனவர்கள் என்று நாலு கேள்வியில் ஆள் யாரென்று தெரிந்துவிடும். உங்கள் கதையை வாசித்தேன். அதில் பெயர் ஒன்றுதான் மாறியிருக்கிறது. வீட்டின் அமைப்பு, பிள்ளைகள் எத்தனை, கையில் இருந்த தழும்பு, செய்த தொழில், கடைசி மகளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருப்பது எல்லாம் அப்படியே இருக்கின்றன (இந்த விபரங்களையும் இங்கே மாற்றித்தான் சொல்கிறேன்).

உங்களுக்கு எழுத வருகிறது, அதனால்தான் இந்தச் சிக்கல். நல்ல எழுத்துக்கு நுணுக்கமான விபரம் வேண்டும். பொதுவாக "ஒரு ஏழை நோயாளி" என்று எழுதினால் யாருக்கும் எதுவும் தோன்றாது. அந்தத் தழும்புதான் வாசகரை நிறுத்திவைத்தது. ஊரார் அந்த நோயாளியைக் கண்டுபிடித்ததும் அதே தழும்பால்தான். நோயாளிகளைப் பற்றி எழுதும் எல்லாரும் இந்த முரணோடுதான் வாழ வேண்டும். இதற்குக் குறுக்குவழி கிடையாது.

எழுதியதை வெளியே காட்டும் முன் இரண்டு பேரை மனதில் வைத்து வாசித்துப் பாருங்கள். ஒருவர் அந்த நோயாளி. மற்றவர் அவருடைய மச்சான். மச்சானுக்கு ஆளைத் தெரிந்துவிடும் என்றால், கதை அந்த வடிவத்தில் வெளியே போகவே கூடாது. நோயாளிக்கு மட்டும் தன்னைத் தெரியும் என்றால், அவரிடம் கேட்காமல் போகக்கூடாது. வயது, ஊர், தொழில், பிள்ளைகள், நோய் என்று எல்லாவற்றையும் மாற்றி, பலரை ஒருவராக்கி எழுதலாம்தான். அப்படி எழுதினால் அது புனைகதை. "என் வாட்டில் நடந்த உண்மைக் கதை" என்று அதன் தலையில் போடாதீர்கள்.

"எழுதுங்க பிள்ளை" என்பது சம்மதமா?

வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் கட்டிலருகே நின்று கேட்கும்போது, வருத்தத்தோடு படுத்திருக்கும் ஒருவர் "ஏலாது" என்று எப்படிச் சொல்வார்? நீங்கள் மாணவிதான் என்பது உங்களுக்குத் தெரியும். அவருக்கு நீங்கள் டொக்டர். நாளைக்கு ஊசி போடவும் வீட்டுக்குப் போகத் துண்டு வெட்டவும் உங்கள் ஆட்கள்தான் வர வேண்டும் என்று அவர் நினைப்பார். அது போக, "எழுதட்டா" என்றதும் அவர் மனதில் எழுந்தது என்னவாக இருக்கும்? ஒரு கொப்பி. பல நூறு பேர் பார்க்கும் முகநூல் பக்கம் அவர் நினைவில் வந்திருக்காது.

ஒழுங்கான சம்மதம் என்றால் இப்படி இருக்க வேண்டும். அவர் வீட்டுக்குப் போன பிறகு, சிகிச்சை உங்கள் கையில் இல்லாத நேரத்தில், உங்களைத் தவிர வேறொருவர் கேட்க வேண்டும். எங்கே வரும், யார் பார்ப்பார்கள், ஒருமுறை வெளிவந்தால் திரும்பப் பெற முடியாது என்பதைச் சொல்ல வேண்டும். எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். சம்மதம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். வெளிவரும் வரை எப்போது வேண்டுமானாலும் "வேண்டாம்" என்று சொல்ல அவருக்கு உரிமை இருக்க வேண்டும். சொன்னால் ஏன் என்று கேட்கக் கூடாது.

சட்டம் பற்றியும் ஒரு வார்த்தை. நோயாளியின் இரகசியம் காப்பது இலங்கை மருத்துவ சபையின் ஒழுக்க விதிகளில் அடிப்படையான ஒன்று. நீங்கள் இன்னும் பதிவு பெற்ற வைத்தியர் இல்லை, ஆனால் வாட்டுக்குள் போகும் உரிமை உங்களுக்குக் கிடைத்ததே அந்தக் கடமையை ஏற்றுக்கொண்டதால்தான். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் உடல்நலத் தகவலைச் சிறப்பு வகைத் தரவாக வைத்திருக்கிறது. உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. நல்ல நோக்கம், சமூக விழிப்புணர்வு என்பவை இரகசியத்தை உடைக்க அனுமதி ஆகாது என்பதைத்தான் சொல்கிறேன். விழிப்புணர்வு தேவை. அதற்கான விலையை அந்த நோயாளி கொடுக்கக்கூடாது.

மருத்துவத்துக்குள் கதைக்கு இடம் உண்டா?

உண்டு. இதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. நீங்கள் தடுக்கி விழுந்தது வெளியிடும் இடத்தில். உங்கள் வட்டத்தின் நோக்கம் சரியானது.

1984இல் அமெரிக்காவில் பெக்மன், பிராங்கல் என்ற இருவர் 74 சந்திப்புகளைப் பதிவு செய்து பார்த்தார்கள். நோயாளி தன் பிரச்சினையைச் சொல்லத் தொடங்கிச் சராசரியாக 18 செக்கனில் வைத்தியர் குறுக்கிட்டார். தொடங்கியதைச் சொல்லி முடித்தவர்கள் நாலில் ஒரு பங்குகூட இல்லை. சரி, விட்டால் எவ்வளவு நேரம் கதைத்துக்கொண்டிருப்பார்கள்? 2002இல் சுவிற்சர்லாந்தில் அதையும் பார்த்தார்கள். குறுக்கிடாமல் விட்டபோது நோயாளிகள் சராசரியாக எடுத்தது 92 செக்கன். நாலில் மூன்று பங்குக்கு மேற்பட்டவர்கள் இரண்டு நிமிடத்துக்குள் முடித்துவிட்டார்கள். வெளிநோயாளர் பிரிவில் நூறு பேர் வரிசையில் நிற்கும்போது கதை கேட்க நேரம் ஏது என்று உங்களிடம் யாராவது கேட்டால், இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். சுவிற்சர்லாந்தின் கிளினிக் வேறு, நம்முடையது வேறு என்பது சரிதான். ஆனால் நோயாளியைக் கதைக்கவிட்டால் அவர் நிறுத்தவே மாட்டார் என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை.

நம்மிடம் இன்னொரு இழப்பும் நடக்கிறது. நோயாளி மட்டக்களப்புத் தமிழில் சொல்கிறார். நீங்கள் கட்டில் துண்டில், அதாவது அவருடைய சிகிச்சைக் குறிப்பில், ஆங்கிலத்தில் எழுதுகிறீர்கள். அந்த வழியில் என்ன விடுபட்டுப் போகிறது என்று கவனித்துப் பாருங்கள். சீனி வருத்தக்காரர் ஒருவர் இன்சுலின் ஒழுங்காகப் போடவில்லை. "சிகிச்சைக்கு ஒத்துழைக்காதவர்" என்று பொருள்படும் ஒரு சொல் துண்டில் விழும். இருந்து கேட்டால் வேறு விஷயம் வரும். வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இல்லை. பக்கத்து வீட்டுப் பெட்டியில் வைத்தால் எடுக்கப் போகும்போதெல்லாம் அவர்களுடைய முகம் கோணும். கிளினிக்குக்கு வர மண்டூர்த் துறையில் பாதை என்ற மிதவையில் ஏறி வாவியைக் கடந்து, அப்புறம் பஸ் பிடிக்க வேண்டும். வயல் வெட்டு நாளில் அது முடியாது. இது எந்த ஒருவருடைய கதையும் இல்லை, படுவான்கரையில் எத்தனையோ வீடுகளின் நிலை. இதைக் கேட்டுத் தெரிந்துகொண்ட வைத்தியர் ஈரமணலுக்குள் மண்சட்டி வைத்து இன்சுலினைக் காப்பது எப்படி என்று சொல்லிக் கொடுப்பார், கிளினிக் நாளை மாற்றிக் கொடுப்பார். கேட்காதவர் மருந்தின் அளவைக் கூட்டுவார். ஒருநாள் அந்த மனிதர் உண்மையிலேயே முழு அளவையும் போட்டுவிட்டு, சீனி இறங்கி மயங்கிக் கிடப்பார். கதை கேட்பது சிகிச்சைக்குள் அடங்கும் வேலை. அதை ஓய்வுநேரப் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்களுக்கு இதைத்தான் சொல்ல வேண்டும்.

ஆதர் கிளைன்மன் என்ற மனநல மருத்துவர், மானுடவியலும் படித்தவர், 1978இல் தன் சகாக்களோடு சேர்ந்து எளிமையான சில கேள்விகளை முன்வைத்தார். உங்களுக்கு என்ன வருத்தம் என்று நினைக்கிறீர்கள்? ஏன் வந்தது? ஏன் இப்போது வந்தது? இதில் எதற்கு அதிகம் பயப்படுகிறீர்கள்? இதைத் தமிழில் கேட்டுப் பாருங்கள், குறிப்பாகக் கடைசிக் கேள்வியை. நம்முடைய பக்கத்தில் வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களில் கண்ணகியின் கதையான வழக்குரையைப் படித்து, அம்மனைக் குளிரவைக்கும் குளிர்த்தி பாடி முடிக்கிறோம். அம்மை போட்ட வீட்டில் வேப்பிலை கட்டி, அம்மன் இறங்கும் வரை ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தள்ளிப்போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வருத்தம் என்பது ஏற்கெனவே ஒரு நீண்ட கதைக்குள் இருக்கிறது. அந்தக் கதையைக் கேலி செய்யும் வைத்தியரிடம் அவர்கள் திரும்ப வரமாட்டார்கள். கேட்டுவிட்டு, "வேப்பிலை இருக்கட்டும், மூச்சு வாங்கினால் மட்டும் பிள்ளையை உடனே கொண்டு வாங்க" என்று சொல்பவரிடம் வருவார்கள்.

இதை ஒரு கல்வியாக வளர்த்தவர்களில் முக்கியமானவர் றீட்டா சாறன். பொது மருத்துவ நிபுணரான அவர் ஆங்கில இலக்கியத்திலும் கலாநிதிப் பட்டம் பெற்றவர். கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் கதைவழி மருத்துவம் என்ற துறையை உருவாக்கினார். 2009இல் அதற்கு முதுமாணிப் படிப்பே தொடங்கியது. தூரத்துக்குப் போகவும் வேண்டாம். கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் மருத்துவத்தோடு இலக்கியம், வரலாறு, கலை ஆகியவற்றைச் சேர்த்துக் கற்பிக்க ஒரு துறையே இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சமுதாய மருத்துவப் பேராசிரியராக இருந்த செ. சிவஞானசுந்தரம்தான் நந்தி என்ற பெயரில் சிறுகதையும் நாவலும் எழுதியவர். ஞானம் சஞ்சிகையை நடத்திய தி. ஞானசேகரனும் வைத்தியர்தான். "கலைப்பீடத்துக்குப் போயிருக்கலாம்" என்ற வார்த்தை உங்களை உறுத்தினால் இவர்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றில் மட்டும் உங்களோடு எனக்கு உடன்பாடில்லை

"கதை சொன்னாலே மனக்காயம் ஆறிவிடும், அதனால் நோயாளிகளைப் பேச வைக்கிறோம்" என்று எழுதியிருக்கிறீர்கள். சொல்லி ஆறுகிறவர்கள் உண்டு. சொல்லச் சொல்லக் கலங்குகிறவர்களும் உண்டு. சுனாமி வந்த 2004 டிசம்பர் 26க்குப் பிறகு நம்முடைய கரையோரம் முழுக்க, கொப்பியோடும் வண்ணப் பென்சிலோடும் எத்தனை பேர் வந்தார்கள் என்று பெரியவர்களிடம் கேளுங்கள். முகாமில் இருந்த பிள்ளைகளிடம் அலையைத் திரும்பத் திரும்ப வரையச் சொன்னார்கள். எடுத்துக்கொண்டு போனார்கள், பலர் திரும்பி வரவில்லை. ஒரு பேரிடருக்குப் பின் எல்லாரையும் ஒரே அமர்வில் நடந்ததைச் சொல்லவைக்கும் முறையை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதில்லை. அதனால் பயன் இல்லை, சிலருக்குக் கெடுதலாகவும் முடியலாம்.

இதே மட்டக்களப்பில் 1990களில் போருக்குள் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைப் பற்றி விசாரித்துப் பாருங்கள். தமிழ், முஸ்லிம் கிராமங்களிலிருந்து வந்த பிள்ளைகள் அங்கே பல மாதங்கள் சேர்ந்து விளையாடினார்கள், களிமண் பிசைந்தார்கள், கதை கட்டினார்கள். என்ன நடந்தது என்று அவர்களிடம் யாரும் தோண்டிக் கேட்கவில்லை. சொல்ல விருப்பமானது தானாக வந்தது, வராதது வராமல் இருந்தது. நீங்கள் பின்பற்ற வேண்டிய முறை நம்முடைய ஊரிலேயே இருந்திருக்கிறது.

அப்படியே இன்னொன்று. இலக்கியம் படித்த மாணவர் நல்ல வைத்தியராக வருவார் என்று யாருக்கும் உத்தரவாதம் கொடுக்காதீர்கள். இது பற்றிய ஆய்வுகள் பல இருந்தாலும் பெரும்பாலானவை சிறியவை, மாணவர்களே தம்மைப் பற்றிச் சொன்னதை வைத்துச் செய்தவை. பீடத்தோடு பேசும்போது கூடுதலாக வாக்குக் கொடுத்தால் பிறகு அதைக் காப்பாற்ற முடியாது.

வட்டத்தைத் தொடர்வதென்றால்

இரகசியமாகத் தொடர்வது வேண்டாம். நோயாளிகளைப் பற்றிய எழுத்து இரகசியமான ஒரு வட்ஸ்அப் குழுவில் சுற்றுவதைவிட ஆபத்தானது எதுவும் இல்லை. முழுவதும் கைவிடவும் வேண்டாம். ஒரு விரிவுரையாளரைப் பொறுப்பாக வைத்து, திறந்த முறையில், ஆனால் மூடிய அறைக்குள் நடத்துங்கள். மனநல வைத்தியப் பிரிவிலோ சமுதாய மருத்துவத்திலோ ஒருவர் கட்டாயம் சம்மதிப்பார். எழுதியது அந்த அறையை விட்டு வெளியே போகக் கூடாது. படம் பிடிக்கக் கூடாது. வாசித்த தாளைக் கிழித்துவிட்டுப் போனாலும் நல்லதே.

றீட்டா சாறன் தன் மாணவர்களுக்குக் கொடுத்த பயிற்சி ஒன்று உங்களுக்குப் பொருந்தும். கட்டில் துண்டில் எழுத முடியாதவற்றை, ஆனால் எங்காவது எழுதியே ஆக வேண்டியவற்றை, வேறொரு தாளில் சாதாரண மொழியில் எழுதச் சொன்னார். தாத்தாவின் நினைவு வந்தது, கோபம் வந்தது, அருவருப்பு வந்தது, பயந்து ஒதுங்கினேன் என்பவை எல்லாம் அதில் வரலாம். இங்கே எழுதப்படுவது உங்களுடைய கதை. நோயாளி அதில் வருவார், ஆனால் அவருடைய வாழ்க்கையை நீங்கள் எடுத்துக்கொள்ளவில்லை. முதல் மரணத்தைப் பார்த்துவிட்டு நித்திரை வராமல் கூடிய பிள்ளைகள் நீங்கள். உங்களுக்கு வேண்டியதும் இதுதான் என்று நினைக்கிறேன். அதில் யாராவது ஒருவர் அளவுக்கு மீறிச் சோர்ந்து போகிறார் என்று தெரிந்தால், வட்டம் போதாது, அவரை ஆலோசகரிடமோ மனநலப் பிரிவிடமோ கூட்டிப் போங்கள்.

வெளியே எதையாவது வெளியிட விரும்பினால் வேறு ஊற்றுகள் ஏராளம். உங்கள் வீட்டிலேயே வருத்தம் வந்த அம்மம்மா இருப்பார், அவரிடமும் கேட்டுத்தான் எழுத வேண்டும். நீங்களே நோயாளியாகக் கிடந்த நாள்கள் இருக்கும். மட்டக்களப்பு வாவிக்குள் மாந்தீவு இருக்கிறது. தொழுநோய் வந்தவர்களைத் தோணியில் ஏற்றிக் கொண்டுபோய் வைத்த ஆஸ்பத்திரி அங்கே இருந்தது. இன்றைக்குத் தொழுநோய்க்கு ஆறு மாதமோ ஒரு வருடமோ கூட்டு மருந்து எடுத்தால் குணமாகிவிடும், மருந்து தொடங்கிய கொஞ்ச நாளிலேயே மற்றவருக்குத் தொற்றாது. ஆனாலும் ஏன் மறைக்கிறார்கள்? அந்தத் தீவின் நினைவு கரையில் இன்னும் எப்படி இருக்கிறது? இதைத் தேடி எழுதுங்கள். உங்கள் வட்டத்துக்கு ஒரு வருட வேலை அதில் இருக்கிறது.

கூத்து

கைவிட வேண்டாம், ஆனால் நீங்களாகத் தனியே இறங்கவும் வேண்டாம். கல்லடியில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. நாடகமும் அரங்கும் முறையாகப் படிக்கும் பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். கிராமங்களில் கூத்தின் இரு மரபுகளான வடமோடியும் தென்மோடியும் ஆடவைக்கும் அண்ணாவிமார் இருக்கிறார்கள். அவர்களிடம் மாணவர்களாகப் போங்கள். சுகாதாரச் செய்தியைக் கொண்டுபோய்க் கொடுத்து "இதற்குத் தாளம் போட்டுத் தாங்க" என்று கேட்டால் அது கூத்தாக வராது, வெறும் பிரசாரமாகிவிடும். கூத்தில் வரும் ஆள் கற்பனையாக இருக்க வேண்டும், நோய் மட்டும் உண்மையாக இருக்கலாம். ஆட்டம் முடிந்த பிறகு களரியைச் சுற்றி இருப்பவர்களைக் கதைக்க விடுங்கள். அப்போது யாராவது எழுந்து "எங்கட பக்கத்து வீட்டிலயும்" என்று தொடங்கினால், மரியாதையாக நிறுத்தி, தனியாகக் கதைக்க ஒரு தாதியோ வைத்தியரோ அங்கே இருக்க வேண்டும். அந்த ஏற்பாடு இல்லாமல் ஒரு ஊரிலும் போடாதீர்கள்.

உங்கள் வட்டத்தில் முஸ்லிம்கள் அதிகம் வாழும் காத்தான்குடி, சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கத்துப் பிள்ளைகளும் இருப்பார்கள் என்று நினைக்கிறேன். கூத்து எல்லா ஊருக்கும் பொருந்தாது. அந்தப் பக்கம் நாட்டார் கவி என்ற பெரிய செல்வம் இருக்கிறது. என்ன செய்வது என்பதை அந்த ஊர்ப் பிள்ளைகள் தீர்மானிக்கட்டும். சிங்கள நண்பர்களிடமும் அவர்கள் ஊரில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள்.

இனிப் பீடத்திடம் போகும் விஷயம். ஒரு பக்கத்துக்கு மேல் எழுதாதீர்கள். நடந்ததை முதல் பந்தியிலேயே சொல்லுங்கள், அவர்களுக்கு எப்படியும் தெரியும். பொறுப்பாளராக இருக்கச் சம்மதித்தவரின் பெயர், மூடிய அறை, வெளியிடுவதற்கான சம்மத முறை, வெளியே போகும் எதையும் முதலில் பார்க்கப் போவது யார் என்பவற்றை எழுதுங்கள். உங்களை ஏசிய வைத்தியரிடமே அந்த வரைவைக் கொண்டுபோய்க் காட்டி, எங்கே ஓட்டை இருக்கிறது என்று கேளுங்கள். அவர் உங்கள் வட்டத்துக்கு வருவார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நோயாளியின் பக்கத்திலிருந்து பார்த்து ஓட்டைகளைச் சரியாகச் சொல்லக்கூடியவர் அவர்தான்.

பரீட்சை பற்றி அம்மா கவலைப்படுகிறார் என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். கிழமைக்கு ஒருமுறை என்பதை மாதத்துக்கு ஒருமுறை என்று மாற்றிக்கொள்ளுங்கள். கூத்தை அடுத்த வைகாசிக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். அதற்குள் உங்களுக்கு இறுதிப் பரீட்சையும் முடிந்திருக்கும், பீடத்தின் பதிலும் வந்திருக்கும்.